கிராண்ட் கேமனுக்குக் கப்பலில் போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து கடைசிப் படகு வரை

கரீபியன் கடலில் இருக்கும் கிராண்ட் கேமன் தீவில் கப்பல் கரையைத் தொடாது. இதை முதலில் மனதில் போட்டுக்கொண்டால் மற்ற திட்டங்கள் தானாகச் சரியாக அமையும். மூவாயிரம், நாலாயிரம் பேர் இருக்கும் கப்பல் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு எதிரே கடலிலேயே நின்றுவிடும். டெண்டர் என்கிற படகில் ஏறித்தான் நாம் கரைக்குப் போக வேண்டும், சாயங்காலம் அதே மாதிரி ஒரு படகில்தான் திரும்பி வர வேண்டும். அலை பெரிதாக இருந்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் தீவைப் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நாங்கள் ஃப்ளோரிடாவின் டாம்பாவிலிருந்து இரண்டு முறை கிளம்பி ஒரு முறைதான் இறங்கினோம். முதல் முறை போனது ஒரு ஜனவரியில். பளிச்சென்று வெயில், எதிரே கடைகளின் கூரை கூடத் தெரிகிறது. அம்மா தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு கதவருகே தயாராக உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார்: அலை அதிகம், இன்று இறங்க முடியாது. அன்றைக்கு நாங்கள் வெளியில் ஒரு ஏஜென்ட்டிடம் கட்டியிருந்த சுற்றுலாப் பணமும் திரும்பி வரவில்லை. இரண்டாவது முறை, ஏப்ரலில், எல்லாம் நன்றாக நடந்தது. இந்த இரண்டு பயணத்திலும் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போவதால், அவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தீவு திரும்பத் திறந்த கதை

கேமன் தீவுகள் பிரிட்டனின் ஆட்சிப் பகுதி. கியூபாவுக்குத் தெற்கே, ஜமைக்காவுக்கு வடமேற்கே மூன்று தீவுகள்: கிராண்ட் கேமன், கேமன் பிராக், லிட்டில் கேமன். 2021 கணக்கெடுப்பில் மொத்த ஜனத்தொகையே சுமார் 71 ஆயிரம்தான். அந்த ஊருக்குக் கோவிடுக்கு முன்னால், 2019ல், ஏறத்தாழ 18 லட்சம் கப்பல் பயணிகள் வந்தார்கள்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றது. ஒரு கப்பலிலிருந்து இதய சிகிச்சைக்காகத் தீவில் இறக்கப்பட்ட பயணிதான் அங்கே உறுதியான முதல் கோவிட் நோயாளி. அவர் அந்த மாதமே இறந்துபோனார். அவரைச் சேர்த்திருந்த மருத்துவமனை ஹெல்த் சிட்டி கேமன் ஐலண்ட்ஸ். பெங்களூருவின் டாக்டர் தேவி ஷெட்டி 2014ல் அங்கே தொடங்கியது அது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தீவுக்காரர்கள் கப்பல் விஷயத்தில் ஏன் அவ்வளவு தயங்கினார்கள் என்பது எனக்குப் புரிந்தது. 2021 ஜூனிலேயே அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டன. கேமன் அவசரப்படவில்லை. தடுப்பூசி போட்டு விமானத்தில் வருகிறவர்களை 2021 நவம்பரில் உள்ளே விட்டது, கப்பல்களை 2022 மார்ச்சில்தான் அனுமதித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் மிச்சமிருந்த கோவிட் பயண விதிகளையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பரிசோதனை, சான்றிதழ் என்று எதுவும் இல்லை.

ஆனால் டெண்டர் படகு அப்படியேதான் இருக்கிறது, அதுவும் தீவு மக்களே எடுத்த முடிவு. கப்பல் நேரே வந்து நிற்கும்படி பெரிய தளம் கட்டலாமா என்று அங்கே பல வருடங்களாக வாக்குவாதம் நடந்தது. கட்டினால் துறைமுகத்துப் பவளப்பாறைகள் அழியும் என்பது எதிர்த்தவர்களின் பயம். 2025 ஏப்ரல் 30ஆம் தேதி பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் ஜெயித்தார்கள். அதனால் இந்தப் படகுப் பயணத்தைத் தொல்லை என்று நான் நினைப்பதில்லை. படகிலிருந்து குனிந்து பார்த்தால் அடிமணல் வரை கண்ணாடி மாதிரித் தெரிகிறதே, அதைக் காப்பாற்றத்தான் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள்.

முதல் படி: காகிதங்கள்

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கப்பல் மயாமியிலிருந்து கிளம்பினாலும் கால்வெஸ்டனிலிருந்து கிளம்பினாலும் நீங்கள் அமெரிக்காவை விட்டு வெளியே போய்த் திரும்பி உள்ளே வருகிறீர்கள். ஒரு வாரம் உல்லாசமாகப் போகிறோம் என்கிற நினைப்பில் இது மறந்துபோகிறது.

இந்திய பாஸ்போர்ட்டில் வரும் பெற்றோருக்கு, பலமுறை நுழைய அனுமதிக்கும் பி1/பி2 என்கிற அமெரிக்கப் பார்வையாளர் விசா, திரும்பி வரும் நாள் வரை செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருப்பது நல்லது. இன்னொன்று, கப்பலில் போய்வந்தால் அமெரிக்காவில் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று காட்டும் ஐ-94ல் புதிதாக ஆறு மாதம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பக்கத்துத் தீவுகளுக்குப் போய்ச் சீக்கிரம் திரும்புகிறவர்களுக்குப் பழைய தேதியே தொடரலாம்.

எச்-1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருக்கும், கையில் விசா நீட்டிப்புக்கு ஒப்புதல் தந்த புதிய ஐ-797 கடிதம் இருக்கும். "கனடா, மெக்சிகோவுக்கு அப்படியே போய்வரலாமே, இதற்கும் போகலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். போகக் கூடாது. காலாவதியான ஸ்டாம்போடு 30 நாளுக்குள் திரும்பி வரலாம் என்கிற சலுகை எச்-1பிக்கும், அவர்கள் குடும்பத்தாரின் எச்-4க்கும் கனடா, மெக்சிகோ இரண்டுக்கு மட்டும்தான். பக்கத்துத் தீவுகளுக்கும் அந்தச் சலுகை உள்ளவர்கள் எஃப், ஜே விசாவில் இருக்கும் மாணவர்களும் ஆய்வாளர்களும்தான், அதிலும் கியூபா சேராது. கப்பல் கேமனைத் தொட்டால் எச்-1பிக்காரருக்குச் செல்லுபடியாகும் ஸ்டாம்ப் கட்டாயம் தேவை.

கிரீன் கார்டு உள்ளவர்கள் கார்டையும் இந்திய பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். கிரீன் கார்டு விண்ணப்பமோ, விசா வகை மாற்றும் விண்ணப்பமோ நிலுவையில் இருந்தால், வக்கீலிடம் கேட்காமல் முன்பணம் கூடக் கட்டாதீர்கள். சில வகைகளில், நாட்டை விட்டு வெளியே போனதாலேயே விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

சரி, கேமன் விசா? விமானத்தில் போய்த் தங்க வேண்டுமென்றால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு விதிகள் வேறு. காலையில் கப்பலில் வந்து அன்றே அதே கப்பலில் கிளம்புகிறவர்களுக்குத் தனி விசா கேட்பதில்லை. ஆனால் உங்கள் கப்பல் வேறு எந்தெந்தத் துறைமுகத்துக்குப் போகிறதோ, அந்த ஒவ்வொரு நாட்டுக்கும் தனியாகப் பார்க்க வேண்டும். ஜமைக்காவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், மெக்சிகோவின் கோசுமெலுக்கு அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ போதும். மற்ற ஊர்களுக்குக் கப்பல் நிறுவனத்திடம் உங்கள் பாஸ்போர்ட்டின் நாட்டைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்குங்கள். கப்பலேறும் அன்று கவுன்டரில் இருப்பவர் உங்களைத் திருப்பி அனுப்பினால், அந்த மின்னஞ்சல் ஒன்றுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

இரண்டாவது படி: எந்த மாதம், எந்தக் கப்பல்

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, சீசன் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஜார்ஜ் டவுன் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் அமெரிக்காவிலிருந்து இறங்கி வரும் குளிர்காற்று, அங்கே நார்வெஸ்டர் என்பார்கள், நேரே அந்தக் கரையில்தான் அலையை மோதவிடும். எங்கள் ஜனவரிப் பயணம் வீணானது இதனால்தான். சில சமயம் கப்பலைத் தெற்குக் கரையில் ஸ்பாட்ஸ் என்கிற இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே இறக்குவார்கள். அங்கும் முடியாவிட்டால் அடுத்த ஊர்தான். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் அந்தத் தீவைப் புரட்டிப் போட்டது. என்னைக் கேட்டால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை போகலாம். குளிர்காற்றும் அடங்கியிருக்கும், புயலும் தொடங்கியிருக்காது.

தேதி முடிவு செய்யும் முன், கேமன் துறைமுக ஆணையம் இணையத்தில் போடும் கப்பல் அட்டவணையைப் பாருங்கள். அன்று எத்தனை கப்பல் வருகிறது என்று அதில் இருக்கும். ஒரே நாளில் நாலைந்து கப்பல் வந்தால் சின்ன ஊர் தாங்காது, படகிலிருந்து கடற்கரை வரை எங்கும் கூட்டம்தான். இரண்டு கப்பல் வரும் நாள் கிடைத்தால் அதை விடாதீர்கள். உங்கள் கப்பல் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதையும் பாருங்கள். எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் அதில் ஆறு மணி நேரம்தான் உங்கள் கையில் இருக்கும்.

கேபின் எடுக்கும்போது வயதானவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் எடுங்கள். ஆட்டம் குறைவாகத் தெரியும். முட்டிவலி உள்ளவர்களென்றால் லிஃப்ட்டுக்குப் பக்கம்.

மூன்றாவது படி: கிளம்பும் முன்

விளம்பரத்தில் வரும் விலைக்கு மேல் துறைமுக வரி, ஆளுக்கு இவ்வளவு என்று தினமும் சேரும் டிப்ஸ், வைஃபை எல்லாம் உண்டு. நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரத்தில் இது நல்ல தொகை. முதலிலேயே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

காப்பீட்டில் மட்டும் கஞ்சம் வேண்டாம். உங்கள் அமெரிக்க மருத்துவக் காப்பீடும், பெற்றோருக்கு எடுத்த விசிட்டர் காப்பீடும் நடுக்கடலில் செல்லுமா என்று படித்துப் பாருங்கள். பலவற்றில் செல்லாது. அவசரத்தில் ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ கொண்டுபோக நேர்ந்தால் அந்தச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடாக எடுங்கள். அப்பாவின் பிபி, சுகர் மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியை முதல் நாள் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டால் அது கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மெக்லிசின் மாத்திரை, டாக்டரிடம் கேட்டுவிட்டு.

சாப்பாட்டைப் பற்றி ஒரே ஒரு யோசனை. முதல் நாள் இரவே சாப்பாட்டுக்கூடத் தலைமைப் பரிசாரகரிடம் போய், மறுநாளிலிருந்து இந்திய சைவச் சாப்பாடு வேண்டும் என்று கேளுங்கள். பெரிய கப்பல்கள் பலவற்றின் சமையலறையில் இந்தியர்கள் இருப்பார்கள். எங்களுக்கு இரண்டாம் நாள் பருப்பும் சாதமும் வந்தது. மெனுவில் எங்கேயும் அது கிடையாது.

நான்காவது படி: ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் தீவில் ஒரு நாளில் மூன்று இடம் பார்ப்பதாகக் கிளம்புகிறவர்கள் வேன் ஜன்னலைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிதானமாக அனுபவியுங்கள்.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது ஸ்டிங்ரே சிட்டி. நார்த் சவுண்ட் என்கிற பெரிய உப்பங்கழிக்குள் ஒரு மணல்திட்டு. முன்காலத்தில் மீனவர்கள் அந்த அமைதியான தண்ணீரில் படகை நிறுத்தி மீன் கழுவுவார்கள், கழிவைத் தின்னத் திருக்கைகள் கூடும். பிறகு படகு இன்ஜின் சத்தம் கேட்டாலே வர ஆரம்பித்துவிட்டன. இப்போது இடுப்பளவுத் தண்ணீரில் நீங்கள் நின்றால் அவை உங்களைச் சுற்றி வரும். துறைமுகத்திலிருந்து வேன், அப்புறம் படகு, மணல்திட்டில் கொஞ்ச நேரம் என்று மொத்தம் சுமார் மூன்று மணி நேரம் ஆகும்.

எங்கள் அம்மா நாகப்பட்டினத்துக்காரர். திருக்கையை மீன்காரம்மாவின் கூடையில் வெட்டிய துண்டாகவும், புட்டாகவும் மட்டுமே பார்த்தவர். படகு ஏணியில் இறங்கி நின்றவுடன், ஒரு பெரிய பாய் அகலத்துக்குச் சாம்பல் நிறத் திருக்கை ஒன்று அவர் வயிற்றை உரசிக்கொண்டு போனது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையை மெல்ல நீட்டினார், அடுத்தது வந்து விரல்களுக்கடியில் நழுவியது. "நனைஞ்ச பட்டு மாதிரி இருக்குடா" என்றார். மேல்புறம் கொஞ்சம் சொரசொரப்பு, வயிற்றுப் பக்கம் அப்படியே வழுவழுப்பு. அதன் முகம் போலத் தெரிவது அடியில் இருக்கும் வாயும் செவுள் பிளவுகளும்தான், கண் இரண்டும் மேலே இருக்கின்றன. படகோட்டி கணவாய்த் துண்டைக் கையில் கொடுத்தபோது, அது வாயால் உறிஞ்சி எடுத்துக்கொண்டது. அம்மா அரை மணி நேரம் தண்ணீரைவிட்டு ஏறவே இல்லை.

இரண்டு விஷயம் கவனியுங்கள். திருக்கையின் வாலடியில் முள் இருக்கிறது, மிதித்தால் குத்தும். காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நடங்கள். நம் கடற்கரையில் மீனவர்கள் கற்றுக்கொடுப்பதும் இதே நடைதான். அடுத்தது, போட்டோவுக்காக அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்குவது அங்கே சட்டப்படி குற்றம். நட்சத்திர மீனுக்கும் இதே விதி. உரிமம் வாங்கிய படகுக்காரர்கள் இதைச் சொல்லித்தருவார்கள். சொல்லாமல் தூக்கிக் காட்டுகிறவர் படகில் போகாதீர்கள்.

தண்ணீரில் இறங்க விருப்பமில்லாத பெரியவர்களுக்கு செவன் மைல் பீச். பெயரில் ஏழு மைல் இருந்தாலும் உண்மையான நீளம் அதைவிடக் குறைவுதான். தெற்கு முனையில் மணல் அரிப்பு அதிகம், அதனால் வடக்கே தள்ளிப் பப்ளிக் பீச்சுக்குப் போங்கள். டாக்சி வேண்டாம் என்றால், துறைமுகத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்து எட்வர்டு தெருவில் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் மினிபஸ்ஸில் ஏறலாம். நீல நம்பர் பிளேட் இருக்கும். வெஸ்ட் பே போகும் பஸ் கடற்கரை வழியாகத்தான் போகிறது.

கூட்டமே வேண்டாம் என்றால் ஊருக்குத் தெற்கே ஸ்மித்ஸ் கோவ். சின்னக் குடா, கட்டணம் இல்லை, மரநிழல் உண்டு, பாறை ஓரம் நீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி முகமூடி போட்டுப் பார்த்தாலே மீன்கள்.

மிருகங்களில் ஆர்வம் உள்ள பிள்ளைகள் கூட இருந்தால் இரண்டாம் எலிசபெத் அரசி பெயரில் இருக்கும் தாவரவியல் பூங்கா. அங்கே நீல உடும்பு போன்ற ஒரு ஓணான் இனம், ப்ளூ இகுவானா, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. 2002 வாக்கில் காட்டில் 25 கூட மிஞ்சவில்லை. பிடித்து வளர்த்துத் திரும்ப விட்டு, இப்போது ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனால் போகவே முக்கால் மணி நேரம் ஆகலாம். கப்பல் எட்டு மணி நேரமாவது நின்றால் மட்டும் இதை எடுங்கள்.

ஐந்தாவது படி: சுற்றுலாவை யாரிடம் பதிவு செய்வது

கப்பலில் பதிவு செய்தால் விலை அதிகம், ஆனால் படகில் முதலில் அனுப்புவார்கள். நேரமானாலும் கப்பல் காத்திருக்கும், இறங்க முடியாவிட்டால் பணம் திரும்பிவிடும். வெளியில் உள்ளூர் படகுக்காரர்களிடம் பதிவு செய்தால் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. அப்படிச் செய்தால் ஒரே ஒரு வரியைத் தேடிப் பாருங்கள்: கப்பல் தீவில் நிற்காவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும் என்று எழுதியிருக்க வேண்டும். நாங்கள் ஜனவரியில் அந்த வரியைத் தேடவில்லை.

ஆறாவது படி: இறங்கும் நாள்

காலையில் படகுக்கு டோக்கன் கொடுப்பார்கள். எங்கே, எத்தனை மணிக்கு என்று முதல் நாள் இரவு கப்பல் ஆப்பில் பார்த்துவைத்து, ஒருவரைச் சீக்கிரம் அனுப்புங்கள். கப்பல் அட்டை, ஒரு போட்டோ அடையாள அட்டை, பாஸ்போர்ட்டின் படம் போனில். பழம், சாண்ட்விச் எதையும் கரைக்கு எடுத்துப் போகக் கூடாது.

கப்பலிலிருந்து படகில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிதான் பெரியவர்களுக்குக் கஷ்டம். படகு அரை அடி ஏறும், அரை அடி இறங்கும். இரண்டு பக்கமும் மாலுமிகள் நின்று முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்வார்கள். அவசரப்பட வேண்டாம், அவர்கள் "நவ்" என்று சொல்லும்போது மட்டும் காலை எடுத்து வைக்கச் சொல்லிவையுங்கள். கையில் பை இருக்கக் கூடாது, செருப்புக்கு வார் இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் முதல் நாளே விருந்தினர் மேசையில் கேட்டுவிடுங்கள். எழுந்து சில அடி நடக்க முடியாதவர்களைக் கப்பல் அனுமதிக்காமலும் போகலாம்.

கரையில் விலைப்பட்டியலைப் பார்க்கும்போது அது எந்த டாலர் என்று கேளுங்கள். கேமன் டாலர் அமெரிக்க டாலரைவிடப் பெரியது. கடைகளில் ஒரு அமெரிக்க டாலரை 80 கேமன் சென்ட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். மெனுவில் 20 என்று இருந்தால் நீங்கள் கொடுப்பது 25. அமெரிக்கப் பணம் எல்லா இடத்திலும் செல்லும், சில்லறை மட்டும் கேமன் காசாக வரலாம். சாலையில் வண்டிகள் நம்மூர் மாதிரி இடதுபக்கம் ஓடும். அமெரிக்காவில் பழகிய பிள்ளைகள் தவறான பக்கம் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். சங்கு, பவளத்துண்டு எதையும் பொறுக்கிப் பையில் போட வேண்டாம்.

ஏழாவது படி: கடைசிப் படகு

கேமனில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. மார்ச்சிலிருந்து நவம்பர் வரை ஃப்ளோரிடாவைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கும். கப்பல் பல சமயம் ஃப்ளோரிடா நேரத்திலேயே ஓடும், ஆனால் கரையில் இறங்கியவுடன் உங்கள் போன் தானாகவே தீவு நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு 3.30க்கு என்று கப்பலில் போட்டிருந்தால், போனில் 2.30 காட்டும்போதே அது கிளம்பிவிடும். போனில் தானாக நேரம் மாறுவதை நிறுத்திவையுங்கள், அல்லது அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

கப்பலைத் தவறவிட்டால் இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சிக்கல் கூடுதல். விசா இல்லாமல் இறங்கவிட்டது அன்றே அதே கப்பலில் திரும்புவதற்காக. ஒருவேளை அப்படி நேர்ந்துவிட்டால் துறைமுக வாசலில் கப்பலின் ஏஜென்ட்டைத் தேடுங்கள். ஆள் வரவில்லை என்று தெரிந்தால் கப்பல் ஊழியர்கள் கேபினிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். இதற்காகவே பாஸ்போர்ட்டை அறைப் பெட்டகத்தில் வையுங்கள், துணிப்பெட்டிக்குள் ஒளித்துவைக்காதீர்கள்.

கடைசிப் படகுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வரிசையில் நின்றுவிடுங்கள். கடைசி அரை மணியில் வரிசை வெயிலில் தெரு வரை நீளும். நாங்கள் முன்னதாகவே ஏறிவிட்டதால் அம்மாவுக்கு ஓரத்து இருக்கை கிடைத்தது. படகு கிளம்பியதும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பச்சை நீலமாகி, நீலம் சட்டென்று கறுத்த இடத்தில், "இங்க ஆழமாயிடுச்சு" என்றார். தீவின் சரிவு அங்கேதான் இறங்கத் தொடங்குகிறது. கேமனுக்கும் ஜமைக்காவுக்கும் நடுவே கடல் ஏழாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். கப்பல் கதவில் நின்ற மாலுமி கையை நீட்டினார். இந்த முறை "நவ்" என்று அவர் சொல்லக் காத்திருந்து, அம்மா தானே காலை எடுத்து வைத்தார்.